ஓடுபாதையின் குறுக்கே ஒரு கேபிள்

சிறு விமான நிலையம் ஒன்றில் இறங்கும்போது, ஓடுபாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் பெரிய மஞ்சள் வட்டங்கள் குறுக்கு வாட்டில் வரிசையாகத் தெரிந்தால், அங்கே போர் விமானங்களும் குடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க முறைப்படி ஒவ்வொரு வட்டமும் 10 அடி விட்டம். ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 30 அடி. அந்த வரிசையில்தான் 1 முதல் 1¼ அங்குலத் தடிமனுள்ள எஃகுக் கயிறு ஓடுபாதையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கிடக்கிறது. தரையோடு ஒட்டிவிடாமல் இருக்க அதில் வடை போன்ற ரப்பர் வளையங்களைக் கோத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் நைலான் பட்டை. பட்டை சுற்றிய உருளை. உருளையைப் பிடிக்கும் பிரேக். இதுதான் அரெஸ்டிங் கியர்.

பிரேக் போன போர் விமானம், புறப்பாட்டைப் பாதியில் கைவிட்ட போர் விமானம், ஹைட்ராலிக் அழுத்தம் இழந்த போர் விமானம் வால் கொக்கியை இறக்கி இந்தக் கேபிளைப் பிடிக்கும். பாக்-12 வகையில் பட்டை 950 அடி அல்லது 1,200 அடி வரை ஓடி விமானத்தை நிறுத்தும். விமானந்தாங்கிக் கப்பலில் நடப்பதன் நிதானமான வடிவம் என்று சொல்லலாம்.

இனி அந்தக் கேபிள் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முனையிலிருந்து 300 முதல் 450 மீட்டருக்குள். பயணிகள் விமானி இறங்கக் குறிவைக்கும் வெள்ளைப் பட்டைகள் எங்கே? சர்வதேச விதிப்படி, 2,400 மீட்டருக்குக் குறைந்த நடுத்தர ஓடுபாதையில் 300 மீட்டரில். அதற்கு மேற்பட்டதில் 400 மீட்டரில். அதாவது ஒரு தரப்பு சக்கரத்தை வைக்க நினைக்கும் இடத்திலேயே மறு தரப்பு இரும்புக் கயிற்றைக் கட்டி வைத்திருக்கிறது. இரண்டு பேரும் தவறு செய்யவில்லை. அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. ராணுவமும் பயணிகளும் பகிரும் நிலையங்களில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்தச் சாயலில்தான் இருக்கும்.

கேபிள் மேல் பயணிகள் விமானம் உருண்டு போவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. கனமான விமானத்துக்கு அது ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். தொல்லை கேபிளுக்குத்தான். சக்கரம் ஏறி இறங்கும்போது கயிற்றில் அலை கிளம்பும், ரப்பர் வளையங்கள் பக்கவாட்டில் நகரும். நடுவில் இரண்டு வளையம் நகர்ந்துவிட்டால் அந்த இடத்தில் கயிறு தரையைத் தொட்டுவிடும். அடுத்து வரும் போர் விமானத்தின் கொக்கி அதன் மேல் வழுக்கிப் போய்விடும். அதனால்தான் கேபிள் குழு ஒரு நாளில் பலமுறை ஓடுபாதைக்குள் வர அனுமதி கேட்கிறது. வளையத்தை நகர்த்துவது, இழுவிசை பார்ப்பது, பிரிந்த எஃகு இழை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவர்கள் வேலை. ‘ஏன் இந்த ஜீப் அடிக்கடி குறுக்கே ஓடுகிறது’ என்று சலித்துக்கொள்ளும் சிவில் ஊழியர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கயிறு துள்ளி அடிப்பதால் கீழே உள்ள தார்ப் பரப்பில் பள்ளம் விழுவதும் உண்டு. அது தனிப் பராமரிப்பு.

சிறு விமானங்களுக்கு விஷயம் வேறு. வால் சக்கரம் உள்ளவை, சக்கரத்துக்கு மூடி போட்டவை, வயிற்றில் ஆன்டெனா தாழ்வாகத் தொங்குபவை எல்லாம் கேபிளைத் தாண்டித் தரையிறங்குவதே உத்தமம். அப்படியானால் இறங்கும் தூரக் கணக்கில் அந்த 450 மீட்டரை முன்கூட்டியே கழித்துக்கொள்ள வேண்டும். ஓடுபாதை 2,700 மீட்டர் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கேபிளுக்கு முன்னால் தொட்டுவிட்டு, வேகம் குறையாத நிலையில் அதன் மேல் ஏறுவதுதான் மோசமான தேர்வு.

வசதியுள்ள இடங்களில் பாக்-14 இருக்கும். கேபிள் ஓடுபாதையில் வெட்டிய பள்ளத்துக்குள் படுத்திருக்கும். டவரில் பொத்தானை அழுத்தினால் மேலே வரும். விமானி வானொலியில் ‘கேபிள், கேபிள், கேபிள்’ என்று மூன்று முறை சொன்னால் கன்ட்ரோலர் மறு கேள்வி கேட்காமல் உயர்த்த வேண்டும். பயணிகள் விமானத்துக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பள்ளத்தில் மழைநீரும் மணலும் சேரும், குளிர் பிரதேசங்களில் உறைபனி கட்டும். எழ வேண்டிய நேரத்தில் கேபிளின் ஒரு பகுதி மட்டும் எழுந்து நிற்கும். எனவே இயங்கிப் பார்க்கும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ‘நேற்று சரியாக இருந்தது’ என்பது இந்தச் சாதனத்தில் எதையும் நிரூபிக்காது.

அடுத்தது வேகம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாத தாமதங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

பயணிகள் விமானம் நேராக வந்து இறங்கும். போர் விமானக் கூட்டம் அப்படி வராது. ஓடுபாதை நேர்க்கோட்டில் மூன்று முதல் ஐந்து மைல் தொலைவில் ‘இனிஷியல்’ என்று சொல்லும். ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு மேலேயே பறந்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சில விநாடி இடைவெளியில் பக்கவாட்டில் சாய்ந்து திரும்பி, வட்டமடித்து இறங்கும். இதற்கு ஓவர்ஹெட் பிரேக் என்று பெயர். வீரதீரம் காட்டுவதற்காகச் செய்வதில்லை. நான்கு விமானத்தையும் மிகக் குறைந்த நேரத்தில், தாழ்வான உயரத்தில் நீண்ட நேரம் மெதுவாகப் பறக்கவிடாமல் தரையிறக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மைல் தொலைவில் 300 நாட் (மணிக்கு 300 கடல் மைல்) வேகத்தில் இருக்கும் போர் விமானம் ஓடுபாதைக்கு மேலே வர ஒரு நிமிடம். அதே ஐந்து மைல் தொலைவில் 120 நாட்டில் வரும் ஏடிஆர் 72 என்ற சிறு பயணிகள் விமானத்துக்கு இரண்டரை நிமிடம். இரண்டும் ஒரே நேரத்தில் ‘ஐந்து மைல்’ என்று கூப்பிட்டால் தூரம் சமம், நேரம் சமமல்ல. நான்கு விமானக் கூட்டம் இனிஷியலில் இருந்து வட்டமடித்து, கடைசி விமானமும் ஓடுபாதையை விட்டு வெளியேற நான்கைந்து நிமிடம் என்று வைத்தால், அந்த நேரத்தில் ஏடிஆர் எட்டு முதல் பத்து மைல் பறந்துவிடும். ஆகவே கூட்டம் இனிஷியலில் இருக்கும்போது ஏடிஆர் பத்து மைலுக்கு வெளியே இருந்தால்தான் இரண்டும் இடைஞ்சல் இல்லாமல் முடியும். எட்டு மைலில் இருந்தால் யாராவது ஒருவர் சுற்ற வேண்டியதுதான். புதிதாக மாற்றலாகி வரும் கன்ட்ரோலர் முதல் சில வாரம் தூரத்தை வைத்தே வரிசைப்படுத்துவார். பழகியவர் நிமிடத்தை வைத்து வரிசைப்படுத்துவார்.

இதைவிடக் கடினமானது எஞ்சின் நின்றுபோனதாகப் பாவித்துச் செய்யும் பயிற்சி. ஒற்றை எஞ்சின் எஃப்-16 ஓடுபாதைக்கு நேர் மேலே 7,000 முதல் 10,000 அடி உயரத்தில் தொடங்கி, செங்குத்தான சுருள்போல இறங்கி வரும். அந்த விமானி மேலிருந்து கீழே பார்க்கிறார். நேர் பாதையில் தாழ்வாக வரும் விமானத்தை அவர் காண்பதும் அரிது, அது அவரைக் காண்பதும் அரிது. 1994 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் போப் விமானப்படைத் தளத்தில், இந்தப் பயிற்சியில் இருந்த எஃப்-16 அதே ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்த சி-130 போக்குவரத்து விமானத்தின் மேல் மோதியது. சி-130 எப்படியோ இறங்கிவிட்டது. எஃப்-16இன் சிதறல்கள் தரையில் நின்ற சி-141 போக்குவரத்து விமானத்தின் மீதும் அருகே கூடியிருந்த பாராசூட் வீரர்கள் மீதும் பாய்ந்தன. 24 வீரர்கள் இறந்தார்கள். அங்கே இரண்டுமே ராணுவ விமானங்கள்தான். ஒன்று பயணிகள் விமானமாக இருந்தால் இந்தப் பயிற்சியை அந்த நேரத்தில் அனுமதிப்பதா என்பதற்கு விவாதமே தேவையில்லை. பயணிகள் விமானம் பைனலில், அதாவது இறங்கும் கடைசி நேர்பாதையில், இருக்கும்போது மேலிருந்து இறங்கும் பயிற்சி வேண்டாம் என்று எழுத்தில் வைத்துவிடுவதே நல்லது.

பயணிகள் விமானங்களில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவி இந்த வேகங்களோடு ஒத்துப்போவதில்லை. போர் விமானம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடி ஏறி, பயணிகள் விமானத்துக்கு 1,000 அடி கீழே சமநிலைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான பிரிவு விதிப்படி சரி. ஆனால் கருவிக்கு அது நின்றுவிடப் போகிறது என்று தெரியாது. ஏறிக்கொண்டே வருகிறது என்று நினைத்து ‘ஏறு’ என்று கத்தும். பரிகாரம் எளிது: கடைசி 1,000 அடியில் ஏற்ற வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் வைத்துக்கொள்வது. இதைச் சிவில் விமானிகள் கடைப்பிடிக்கிறார்கள். படை விமானிகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: கூட்டமாகப் பறக்கும்போது வழக்கமாகத் ரேடாருக்குத் தன்னை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் தலைமை விமானத்தில் மட்டுமே இயங்கும். திரையில் ஒரு புள்ளி தெரிந்தால் வானில் நான்கு இருக்கலாம்.

வானொலிக்கு வருவோம். சிவில் விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விஎச்எஃப் அலைவரிசையில் பேசுகின்றன. படை விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 வரையுள்ள யுஎச்எஃப்பில். (அவசர அலைவரிசை ஒரு பக்கம் 121.5, மறு பக்கம் 243.0. சரியாக இரட்டிப்பு.) கன்ட்ரோலர் இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவார், இரண்டையும் கேட்பார். ஆனால் ஏடிஆர் விமானிக்குக் கன்ட்ரோலரின் குரல் மட்டும்தான் கேட்கும். போர் விமானி சொன்ன பதில் கேட்காது. பாதி உரையாடலை வைத்துக்கொண்டு மீதியை ஊகிக்க வேண்டிய நிலை.

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, வானொலியில் அடுத்தவர் பேச்சைக் கேட்டு நிலவரத்தை மனதில் வரைந்துகொள்வது விமானிகளின் பழக்கம். அது இங்கே பாதி அறுந்துபோகிறது. இரண்டாவது, வெவ்வேறு அலைவரிசை என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். வழி காலியாக இருக்கிறது என்றே இருவருக்கும் தோன்றும். கன்ட்ரோலரின் காதில் இரண்டும் கலந்து விழும். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் ரீகன் விமான நிலையம் அருகே ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் ஜெட்டும் மோதி 67 பேர் இறந்த விபத்தில் இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் இருந்தன. ஒன்று பேசியது மற்றதற்குக் கேட்கவில்லை. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல, இது ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் பகிரும் நிலையம் ஒவ்வொன்றிலும் தினமும் இருக்கும் நிலைமை அது.

செய்யக்கூடியது என்ன? இரண்டு அலைவரிசையையும் இணைத்து மறுஒலிபரப்பும் கருவி பல டவர்களில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். விஎச்எஃப் கருவியுள்ள படை விமானங்களை, பயணிகள் விமானம் நெருங்கும் நேரத்தில் அதற்கு மாற்றச் சொல்லலாம். இரண்டும் முடியாவிட்டால் கன்ட்ரோலர் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும்: ‘நான்கு போர் விமானங்கள் இடப்பக்க வட்டத்தில், உங்களுக்கு முன்னால் இறங்குகின்றன, நீங்கள் ஐந்தாவது’ என்று முழு வாக்கியமாக.

உயரமானி விஷயத்தில் ஒரு மௌனமான பள்ளம் இருக்கிறது. சிவில் விமானம் க்யூஎன்எச் அழுத்தத்தை வைக்கும். மானி கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும். சில நாடுகளின் விமானப்படைகள், பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் மரபில் வந்தவை குறிப்பாக, நிலையத்தைச் சுற்றிப் பறக்கும்போது க்யூஎஃப்இ வைப்பது வழக்கம். மானி ஓடுபாதையில் பூஜ்யம் காட்டும். நிலையம் 600 அடி உயரத்தில் இருந்தால் இரண்டு எண்ணுக்கும் ஏறக்குறைய 20 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஏடிஆர் க்யூஎன்எச்சில் 2,000 அடியில் வருகிறது. பயிற்சி விமானம் க்யூஎஃப்இயில் 1,500 அடியில் சுற்றுகிறது. காதால் கேட்டால் 500 அடி பிரிவு. உண்மையில் பயிற்சி விமானம் கடல்மட்டத்திலிருந்து 2,100 அடியில் இருக்கிறது. பிரிவு வெறும் 100 அடி. ஆகவே நிலையம் முழுவதற்கும் ஒரே முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் மருந்து. முடியாதென்றால் ஒவ்வொரு உயரத்தோடும் எந்த அழுத்தம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வழிகாட்டும் கருவிகளில் குழப்பம் குறைவு. ராணுவம் திசையும் தூரமும் காட்டும் டகான் கருவியை வைத்திருக்கும். அதன் தூரப் பகுதியைச் சிவில் விமானமும் பயன்படுத்தலாம். சேனல் 59 எக்ஸ் என்றால் 112.20 என்று திருப்பினால் மைல் காட்டும், திசை ஊசி மட்டும் அசையாது. ‘கருவி பழுது’ என்று புகார் எழுதிவிட வேண்டாம். சில தளங்களில் துல்லிய ரேடார் வழி இறக்கமும் உண்டு: கன்ட்ரோலர் ‘கொஞ்சம் மேலே இருக்கிறீர்கள், வலப்பக்கம் இரண்டு பாகை’ என்று கடைசிவரை பேசிக்கொண்டே இறக்குவார். விமானி பதில் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க முறையில் ஐந்து விநாடிக்கு மேல் குரல் வராவிட்டால் தொடர்பு அறுந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வானொலிக் கற்றையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் கெட்டுப்போன மேகமூட்டமான நாளில் இது கைகொடுக்கும். பயிற்சியும் அனுமதியும் உள்ள குழுவுக்கு மட்டும்.

இப்போது தரையில் நடப்பது. சிறு நிலையங்களில் முழுநீள டாக்ஸிவே (விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போகும் பாதை) பயணிகள் பக்கத்தில் இருக்காது. புறப்படும் விமானம் ஓடுபாதையிலேயே மறு முனைவரை போய்த் திரும்ப வேண்டும். 2,700 மீட்டரை 20 நாட்டில் கடக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும், முனையில் திரும்ப இன்னும் ஒன்று. இந்த ஐந்தரை நிமிடம் ஓடுபாதை யாருக்கும் கிடையாது. எரிபொருள் குறைவாகத் திரும்பும் போர் விமானங்களுக்கு ஐந்து நிமிடம் என்பது பெரிய காலம். அவசரப் பாய்ச்சலுக்கு ஆயத்தமாக இருக்கும் ஜோடி விமானங்கள் உள்ள தளமென்றால் இன்னும் நெருக்கடி: மணி அடித்துவிட்டால் பாதிவழி போன பயணிகள் விமானத்தை எந்த இணைப்பில் ஒதுக்குவது என்பதை அப்போது யோசிக்க முடியாது. முன்பே வரைந்து டவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

போர் விமானம் டயர் வெடித்து நடுவில் நின்றால் என்ன? பயணிகள் விமானத்தின் இழுவைக் கம்பி அதற்குப் பொருந்தாது. ஆயுதம் ஏற்றியிருந்தால் அதைப் பாதுகாப்பாக்கும் குழு வரும்வரை யாரும் அருகே போகக் கூடாது. பிரேக் கொதிக்கிறது என்றால் டயர் சிதறும் பயம். பக்கவாட்டிலிருந்து நெருங்காமல் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் போக வேண்டும். பாராசூட் விரித்து நிற்கும் வகை விமானங்கள் அதை எங்கே கழற்றி விடுகின்றன என்பதும் முக்கியம். ஓடுபாதைக்கு வெளியே என்பது விதி. காற்றடிக்கும் நாளில் துணி தன் விருப்பத்துக்குப் போகும். அது ஏடிஆரின் புரொப்பெல்லருக்கு முன்னால் உருளும் காட்சியை யாரும் விரும்பமாட்டார்கள்.

ஆயுதப் பாதுகாப்புப் பின்களை எடுப்பதும் செருகுவதும் ஓடுபாதை முனையருகே தனி இடத்தில் நடக்கும். விமானங்களின் மூக்கு காலி நிலத்தைப் பார்த்து நிற்கும். அந்த நேரத்தில் அவற்றின் மூக்குக்கு முன்னால் எதுவும் கடந்து போகக் கூடாது. பயணிகள் விமானத்துக்கான வழி அதன் குறுக்கே வரையப்பட்டிருந்தால் அது வடிவமைப்புப் பிழை. சில இடங்களில் இருக்கிறது. அங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கல், ஆணி, பெட்டிச் சக்கரம் இவற்றை எஞ்சின் உறிஞ்சுவதைப் பற்றி இரண்டு தரப்புக்கும் கவலை உண்டு, ஆனால் அளவு ஒன்றல்ல. எஃப்-16இன் வாய் வயிற்றுக்கடியில், தரைக்கு மிக அருகில். மிக்-29 தரையில் ஓடும்போது முன்வாயை மூடிக்கொண்டு மேல்பக்கத் திறப்புகளால் மூச்சு விடும்படி வடிவமைக்கப்பட்டது. சு-27இல் வலை உண்டு. எனவே படைத்தரப்பு ஊழியர்கள் காலையில் வரிசையாக நடந்து தரையைப் பொறுக்குவார்கள். பயணிகள் பக்கத்தில் விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் அந்தப் பழக்கம் இருக்காது. பயணப் பைகளிலிருந்து விழும் பூட்டு, ஜிப் முனை, சக்கரத் துண்டு எல்லாம் டயரில் ஒட்டிக்கொண்டு ஓடுபாதைக்கு வந்து சேரும். இரண்டு பரப்பும் சேரும் இடத்தில் துடைப்பான் வண்டி எத்தனை முறை வருகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சண்டை நிச்சயம்.

தீயணைப்பு: சிவில் தரப்பு அதிகம் ஏமாறும் இடம் இது. விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து நிலையத்துக்குத் தீயணைப்பு வகை கொடுக்கப்படும். ஏடிஆர் 72 நீளம் 27.17 மீட்டர், வகை 5. ஏ320 நீளம் 37.57 மீட்டர், வகை 6. போயிங் 737-800 நீளம் 39.5 மீட்டர், வகை 7. பெரிய வித்தியாசமில்லை போலத் தோன்றும் இரண்டு மீட்டர் நீளம் ஒரு வகை மேலே தள்ளிவிடுகிறது. தண்ணீர் அளவும் கூடும். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள், முடிந்தால் இரண்டில், முதல் வண்டி சேர வேண்டும்.

பல பகிர்வு நிலையங்களில் தீயணைப்பைப் படைத்தரப்பே பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஏர் நேஷனல் கார்ட் என்ற துணை விமானப்படையின் பிரிவு உள்ள பல நகர விமான நிலையங்களில் அப்படித்தான். சிவில் தரப்புக்கு அது பெரிய மிச்சம். ஆனால் ஒரு போர் விமானம் அவசரநிலை அறிவித்தது என்று வையுங்கள். வண்டிகள் எல்லாம் அதன் பின்னால் போய்விடும். அந்தக் கணமே நிலையத்தின் வகை 7 இல்லை. 4 ஆகவோ பூஜ்யமாகவோ இருக்கலாம். வானத்தில் வரும் 737க்கு ஓடுபாதை கண்ணெதிரே காலியாகக் கிடக்கிறது, ஆனால் சாதாரண நிலையில் அங்கே இறங்கக் கூடாது. இதைக் கணித்து விமானிக்கு உடனே சொல்வது யார் பொறுப்பு? டவரா, தீயணைப்புத் தலைவரா, விமான நிலையக் கடமை அதிகாரியா? மூன்று பேரும் மற்றவர் சொல்வார் என்று இருந்துவிடுவது சகஜம். ஒரு பெயரை எழுதி வைக்க வேண்டும்.

சிவில் தீயணைப்பு வீரர் படை விமானத்தின் அருகே போக நேர்ந்தால் அறிந்திருக்க வேண்டியவை வேறு. வெளியேற்று இருக்கையும் மூடிக் கண்ணாடியின் வெடிபொருளும் உயிரோடு இருக்கும். உடலில் ‘ரெஸ்க்யூ’ அம்பு காட்டும் சிறு கதவு எங்கே என்று தெரியாமல் கோடரி வீசக் கூடாது. எஃப்-16இன் அவசர மின்னூட்டக் கருவி ஹைட்ரசீன் 70, தண்ணீர் 30 என்ற கலவையில் ஓடும். அது கசிந்தால் நஞ்சு, காற்று வீசும் பக்கத்திலிருந்து மட்டுமே நெருங்கலாம். எரிந்த கார்பன் இழைத் தூசி நுரையீரலுக்குக் கேடு. இந்த மூன்றுக்கும் வருடம் ஒருமுறை படைத்தரப்பிடம் வகுப்பு கேட்டு வாங்குவது கடினமான காரியமல்ல. கேட்டால் மகிழ்ச்சியோடு எடுப்பார்கள்.

எரிபொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவில் ஜெட் ஏ-1க்கு நேட்டோ குறியீடு எஃப்-35 (ஆம், விமானத்தின் பெயர்தான் எரிபொருளுக்கும்). அதில் உறைதடுப்பு, துருத்தடுப்பு, நிலைமின் தடுப்புச் சேர்மங்களைக் கலந்தால் எஃப்-34, அதாவது ஜேபி-8. அடிப்படை ஒன்றே, அதற்காகக் குழாயை மாற்றிச் சொருகலாம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரை உறிஞ்சும் சிவில் வடிகட்டிகளுக்கும் உறைதடுப்புச் சேர்மத்துக்கும் ஆகாது. தண்ணீரைப் பிடிக்க வேண்டிய வடிகட்டி பிடிக்காமல் விட்டுவிடும்.

ஓடுபாதையின் தாங்குதிறனில் ஒரு எழுத்தைக் கவனியுங்கள். டயர் அழுத்தத்துக்கு நான்கு பிரிவு: இசட் 0.50 மெகாபாஸ்கல் வரை, ஒய் 1.25 வரை, எக்ஸ் 1.75 வரை, டபிள்யூ வரம்பில்லை. போர் விமானம் எடையில் சிறியது, ஆனால் மெல்லிய டயரில் மிகுந்த அழுத்தம், பலவும் 1.75ஐத் தாண்டும். பயணிகள் தரப்பு மட்டும் போட்ட புதிய இணைப்பு டாக்ஸிவே எக்ஸ் பிரிவில் இருந்தால், எடை குறைவுதானே என்று போர் விமானத்தை அதில் நிறுத்தி வைத்தால், வெயில் நாளில் தார் குழிந்துவிடும். 2024 நவம்பர் 28 முதல் தாங்குதிறனைக் குறித்த பழைய பிசிஎன் எண்ணுக்குப் பதில் பிசிஆர் எண் வந்துவிட்டது. பழைய எண் கொண்ட ஒப்பந்தங்கள் இன்னும் கோப்புகளில் இருந்தால் மாற்றி எழுதுங்கள்; இரண்டு எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

இரவில் ஒரு வேடிக்கை. இரவுப்பார்வைக் கண்ணாடி போட்டுப் பறக்கும் பயிற்சிக்கு ஓடுபாதை விளக்கை அணைக்கச் சொல்வார்கள். மின்சாரம் மிச்சம் என்று எல்இடிக்கு மாறிய நிலையங்களில் எதிர்ச் சிக்கல்: அந்த விளக்குகள் பலவும் அகச்சிவப்பு உமிழாததால் கோபுரத்தின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு கண்ணாடி போட்டவருக்குத் தெரியாது. வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். புதிய விளக்கு வாங்கும்போது அகச்சிவப்பும் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டால் முடிந்தது.

நிலையம் யாருடையது என்பதைப் பொறுத்து இவற்றையெல்லாம் பேசும் மேசையும் மாறும். கோவாவின் டபோலிம் கடற்படையின் ஐஎன்எஸ் ஹன்சா தளம், சிவில் முனையம் அதன் ஒரு ஓரம். இத்தாலியின் பீசாவில் சி-130ஜே போக்குவரத்து விமானங்களும் சுற்றுலாப் பயணிகளும் ஒரே ஓடுபாதைகளில். அமெரிக்காவின் பர்லிங்டன் நேர் எதிர்: நகராட்சியின் விமான நிலையம், 2019 முதல் எஃப்-35 வைத்திருக்கும் வெர்மான்ட் ஏர் நேஷனல் கார்ட் அதில் குடியிருப்பவர். 1944 சிகாகோ உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு ராணுவ விமானங்களை அதன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. சிவில் விமானங்களின் பாதுகாப்பை மனத்தில் கொள்ள வேண்டும் என்று மட்டும் நாடுகளுக்குச் சொல்கிறது. ஆகவே நடைமுறையில் இருவரையும் கட்டும் கயிறு உள்ளூர் ஒப்பந்தக் கடிதம் ஒன்றுதான்.

அந்தக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாகனங்கள். 2020 பிப்ரவரி 15 அன்று புனேயில், விமானப்படையின் ஓடுபாதையில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த ஏ321, எதிரே ஜீப்பையும் ஒரு ஆளையும் கண்டு முன்கூட்டியே மூக்கைத் தூக்க, வால் பகுதி தரையில் உரசிச் சேதமானது. ஓடுபாதைக்குள் வரும் எல்லா வாகனமும், யாருடையதானாலும், டவரோடு ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். கேபிள் ஜீப், பறவை விரட்டும் வண்டி, புல் வெட்டும் டிராக்டர் உட்பட.

கடைசியாகப் பார்க்க வேண்டியது வாசல். விபத்து நேர்ந்தால் ஊரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வரும், அது ராணுவக் காவல் உள்ள வாசலா, காவலரிடம் அன்றைய உத்தரவு என்ன, இரவு இரண்டு மணிக்குப் பூட்டின் சாவி யார் கையில்? சர்வதேச விதிப்படி முழு அளவு ஒத்திகை பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். அந்த ஒத்திகையில் ஆம்புலன்ஸை வளாகத்துக்குள் முன்பே நிறுத்திவிட்டுத் தொடங்குவது வழக்கம். அடுத்த முறை வெளிச்சாலையில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், காவலருக்குச் சொல்லாமல்.